கீழே போகப் போக வினை கூடுமா? உலோக அணுக்களின் அளவும் வினைத்திறனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனிம வரிசை அட்டவணைப் பாடம் முடிந்ததும் பிள்ளைகள் மனதில் இரண்டு வரி தங்கும். இடமிருந்து வலம் போனால் அணு சுருங்கும், மேலிருந்து கீழே போனால் பெருக்கும். பெரிய உலோக அணு எலக்ட்ரானை எளிதில் விடும், அதனால் வேகமாக வினைபுரியும். தேர்வுக்கு இது போதும். ஆனால் இதை வைத்துக்கொண்டு தங்கத்தையோ அலுமினியப் பாத்திரத்தையோ பார்த்தால் குழப்பம்தான் வரும். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோர் சிலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அணுவுக்கு ஓரமே கிடையாது என்கிறீர்கள். அப்புறம் அதன் ஆரத்தை எப்படி அளக்கிறார்கள்?

தனி அணுவை அளப்பதில்லை. உலோகத் துண்டுக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இரண்டு அணுக்கருக்களுக்கு நடுவே உள்ள தூரத்தை எக்ஸ் கதிர் கொண்டு கண்டுபிடித்து, அதில் பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். இதுதான் உலோக ஆரம். சோடியத்துக்கு இது 186 பிக்கோமீட்டர். ஒரு மீட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் பிக்கோமீட்டர்.

அதே சோடியத்தை ஆவியாக்கினால் இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்த மூலக்கூறுகளும் கிடைக்கும். அங்கே தூரத்தில் பாதி 154 பிக்கோமீட்டர்தான். ஒரு புத்தகத்தில் 186, இன்னொன்றில் 154 என்று பார்த்துவிட்டு அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். அளந்த இடம் வேறு, அவ்வளவுதான். ஒப்பிடும்போது மட்டும் ஒரே வகை ஆரத்தை ஒப்பிட வேண்டும்.

வலப்பக்கம் போகும்போது எலக்ட்ரான் கூடிக்கொண்டே போகிறது. அணு பெருக்காமல் ஏன் சுருங்குகிறது?

சோடியம் 186, மெக்னீசியம் 160, அலுமினியம் 143. ஒவ்வொரு படியிலும் அணுக்கருவில் ஒரு புரோட்டான் கூடுகிறது, வெளியே ஒரு எலக்ட்ரான் கூடுகிறது. புதிய எலக்ட்ரான் புதிய கூட்டுக்குப் (அணுக்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இருக்கும் அடுக்குதான் கூடு) போகவில்லை, ஏற்கெனவே உள்ள மூன்றாவது கூட்டிலேயே சேர்கிறது. ஒரே கூட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அணுக்கருவின் பார்வையிலிருந்து சரியாக மறைப்பதில்லை. உள்கூடுகளில் இருக்கும் பத்து எலக்ட்ரான்கள்தான் நன்றாக மறைக்கும்.

இதை எண்ணாகச் சொல்ல ஸ்லேட்டர் 1930-ல் ஓர் எளிய கணக்குமுறையைக் கொடுத்தார். அதன்படி சோடியத்தின் வெளி எலக்ட்ரான் உணரும் மின்சுமை 11 அல்ல, 2.2 தான். மெக்னீசியத்தில் 2.85, அலுமினியத்தில் 3.5. இழுப்பு கூடுகிறது, கூடு உள்ளே ஒடுங்குகிறது.

கீழே போகும்போது?

அங்கே ஒவ்வொரு படியிலும் ஒரு புதிய கூடு. லித்தியம் 152, சோடியம் 186, பொட்டாசியம் 227, ருபிடியம் 248, சீசியம் 265. வெளி எலக்ட்ரான் தூரத்தில் இருப்பதால் அதைப் பிடுங்க ஆகும் ஆற்றலும் குறைகிறது: லித்தியத்துக்கு மோலுக்கு (அணுக்களை எண்ணும் ஒரு பெரிய அலகு) 520 கிலோஜூல், சீசியத்துக்கு 376. இவை கார உலோகங்கள், முதல் தொகுதி. பாடப்புத்தக விதி இம்மி பிசகாமல் ஓடுகிற இடம் இதுதான். எல்லாப் புத்தகமும் இதையே எடுத்துக்காட்டாகப் போடுவதால், அட்டவணை முழுவதும் இப்படித்தான் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது.

சீசியத்தைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கிறது, லித்தியம் சும்மா நுரைக்கிறது. சீசியத்திலிருந்து அதிக வெப்பம் வருகிறது என்று அர்த்தமா?

இல்லை. ஒரு மோலுக்குக் கணக்குப் போட்டால் ஐந்து கார உலோகங்களிலும் அதிக வெப்பம் தருவது லித்தியம்தான். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. ஒரே பணத்தை மாதம் முழுக்கச் செலவு செய்வதற்கும் ஒரே நாளில் தீர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

வேகத்துக்கு இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, எலக்ட்ரானை விடுவதற்கு ஆகும் ஆற்றல் குறைவு. இன்னொன்று, பலர் கவனிக்காதது, உருகுநிலை. லித்தியம் 180 டிகிரி செல்சியஸில் உருகும், அதனால் தண்ணீரின் மேல் கட்டியாகவே மிதந்துகொண்டு ஓரங்களில் மட்டும் வினைபுரிகிறது. சோடியம் 98 டிகிரியிலேயே உருகி, பளபளக்கும் உருண்டையாகி ஓடுகிறது. பொட்டாசியம் 63.5. சீசியம் 28.5, சென்னை வெயிலில் குப்பிக்குள்ளேயே உருகி நிற்கும். உருகிய உலோகத்துக்குத் தண்ணீரோடு புதுப்புது பரப்பு கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அந்த வெடிப்புக்கே ஒரு கதை உண்டு. வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிப்பதுதான் வெடிப்பு என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அதில் ஓர் இடறல் இருந்தது: ஹைட்ரஜனும் நீராவியும் உலோகத்தைச் சுற்றிப் படலம் கட்டினால் தண்ணீர் உலோகத்தைத் தொடவே முடியாது, வினை அடங்கிவிட வேண்டும். 2015-ல் பிராகாவில் பாவெல் யுங்விர்த் குழுவினர் சோடியம்-பொட்டாசியம் திரவக் கலவையின் துளியைத் தண்ணீரில் விட்டு அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். துளி தண்ணீரைத் தொட்டு ஒரு மில்லிவினாடி ஆவதற்குள் அதிலிருந்து முள் முள்ளாக உலோகம் பாய்ந்தது. எலக்ட்ரான்கள் சட்டென்று தண்ணீருக்குள் ஓடிவிட, துளியின் மேற்பரப்பில் நேர்மின்சுமை மட்டும் மிஞ்சி, ஒன்றையொன்று தள்ளித் துளியையே கிழிக்கிறது என்பது அவர்கள் கொடுத்த விளக்கம். ஹைட்ரஜன் எரிவது அதற்குப் பிறகு.

அப்படியானால் மின்வேதி வரிசையில் லித்தியம் ஏன் முதலிடத்தில் இருக்கிறது?

நல்ல கேள்வி, ஆண்டுதோறும் வரும் கேள்வி. தண்ணீரில் எலக்ட்ரானை விடும் நாட்டப்படி உலோகங்களை அடுக்கிய பட்டியல்தான் மின்வேதி வரிசை. திட்ட மின்முனை அழுத்தம் லித்தியத்துக்கு −3.04 வோல்ட், சோடியத்துக்கு −2.71, பொட்டாசியத்துக்கு −2.93, சீசியத்துக்கு சுமார் −3.03. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்ல எலக்ட்ரான் கொடையாளி. விதிப்படி அடியில் கிடக்க வேண்டிய லித்தியம் மேலே வந்துவிட்டது.

உலோகம் தண்ணீரில் அயனியாக மாறுவது ஒரே படி அல்ல, மூன்று படி. முதலில் அணு கட்டியிலிருந்து பிரிய வேண்டும். இதற்குச் செலவு. பிறகு எலக்ட்ரானை விட வேண்டும். இதற்கும் செலவு. கடைசியில் அயனியைத் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும். இதில் வரவு. லித்தியத்துக்கு முதல் செலவு 159 கிலோஜூல், இரண்டாவது 520, வரவு சுமார் 520. நிகரச் செலவு ஏறக்குறைய 159. சோடியத்துக்கு 107, 496, வரவு சுமார் 406. நிகரச் செலவு 197. சீசியத்துக்கு 76, 376, வரவு 270-ஐ ஒட்டி. நிகரம் 180 சொச்சம். செலவு இரண்டிலும் லித்தியம்தான் அதிகம் கொடுக்கிறது. ஆனால் அதன் அயனி மிகச் சிறியது, 76 பிக்கோமீட்டர். தண்ணீர் அதை இறுக அணைத்துக்கொள்வதால் வரவு மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிவிடுகிறது.

வேதியியலில் ‘வினைத்திறன்’ என்று ஒரே சொல்லால் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம்: எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு வேகமாகப் போகும். லித்தியம் முதலாவதில் வெல்கிறது, சீசியம் இரண்டாவதில்.

இந்தச் செலவு வரவுக் கணக்கு வேறு எங்காவது பயன்படுமா?

துத்தநாகத்தையும் தாமிரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து வீடு. முதல் இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கத் தாமிரத்துக்கு மொத்தம் சுமார் 2,700 கிலோஜூல், துத்தநாகத்துக்கு சுமார் 2,640. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் துத்தநாகம் அமிலத்தில் கொப்பளித்துக் கரைகிறது, தாமிரம் அசையாமல் கிடக்கிறது. ஏன்? கட்டியிலிருந்து அணுவைப் பிரிக்கத் தாமிரத்துக்கு 338 கிலோஜூல் ஆகிறது, துத்தநாகத்துக்கு வெறும் 131. துத்தநாக அணுக்கள் ஒன்றையொன்று தளர்வாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 1836-ல் டேனியல் செய்த மின்கலம் 1.1 வோல்ட் கொடுப்பதற்குப் பெரும்பங்கு காரணம் இந்த இடைவெளிதான். அணுவின் ஆரத்தை மட்டும் வைத்து இதை யாராலும் ஊகிக்க முடியாது.

அலுமினியம் வரிசையில் இரும்பைவிட எவ்வளவோ மேலே. ஆனால் இரும்பு துருப்பிடிக்கிறது, அலுமினியச் சட்டி அப்படியே இருக்கிறதே?

அலுமினியம் வினைபுரியாமல் இல்லை, வினைபுரிந்து முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. காற்றுப் பட்ட மறுகணமே சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உண்டாகி அடியிலுள்ள உலோகத்தை மூடிவிடுகிறது. இரும்பின் துரு அப்படி ஒட்டாது, பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடுத்த அடுக்கைத் திறந்துவிடும்.

படலத்தைக் கெடுத்தால் சுயரூபம் தெரியும். புளியும் சலவை சோடாவும் அலுமினியப் பாத்திரத்தை அரிப்பது அதனால்தான். பாதரசம் பட்டால் இன்னும் மோசம்: படலம் மறுபடி ஒட்ட முடியாமல் அலுமினியம் வெள்ளைப் பூஞ்சை போலப் பொங்கிக்கொண்டே போகும். விமானத்தின் உடல் அலுமினியக் கலவை என்பதால், பாதரசம் ஏற்றுவதற்கு அங்கே கடும் கட்டுப்பாடு.

தண்டவாளங்களை இணைக்கும் தெர்மிட் பற்றவைப்பைப் பார்த்தவர்களுக்கு அலுமினியத்தைப் பற்றிச் சந்தேகமே வராது. அலுமினியத் தூள் இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, உருகிய இரும்பு அப்படியே இடைவெளியில் வழிந்து இறங்கும்.

தங்கம் தன் தொகுதியில் அடியில் இருக்கிறது. கீழே போனால் வினை கூடும் என்றால் தங்கம்தானே அதிகம் வினைபுரிய வேண்டும்?

விதி முழுதாகக் கவிழும் இடம் இது. தாமிரம், வெள்ளி, தங்கம் மூன்றும் பதினொன்றாம் தொகுதி. தாமிரம் பச்சையாகக் களிம்பேறும். வெள்ளிக் கொலுசு காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். தங்கம் ஆயிரக்கணக்கான ஆண்டு மண்ணில் கிடந்தாலும் மங்காது. கீழே போகப் போக வினை குறைகிறது.

ஆரத்தைப் பாருங்கள்: தாமிரம் 128, வெள்ளி 144, தங்கமும் 144. ஒரு கூடு கூடியும் அணு பெருக்கவில்லை. எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் ஆற்றல் தாமிரத்துக்கு 745, வெள்ளிக்கு 731, தங்கத்துக்கோ 890 கிலோஜூல்.

காரணம் இரண்டு. தங்கத்துக்கு முன்னால் லாந்தனைடு வரிசை வந்துபோகிறது. அங்கே சேரும் 14 எஃப் எலக்ட்ரான்கள் (எஸ், டி, எஃப் என்பவை எலக்ட்ரான் இருக்கும் இடத்தின் வடிவ வகைகள், அந்த இடத்தை ஆர்பிட்டால் என்பார்கள்) மறைப்பதில் மகா மோசம். அணுக்கருவில் கூடிய 14 புரோட்டான்களின் இழுப்பு பெருமளவு வெளியே தெரிகிறது. இதனால் அணு சுருங்குவதைத்தான் லாந்தனைடு குறுக்கம் என்பார்கள். இரண்டாவது காரணம் ஐன்ஸ்டீனின் சார்பியல். 79 புரோட்டான் இழுக்கும்போது தங்கத்தின் உள்கூட்டு எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் இருக்கிறது. அந்த வேகத்தில் நிறை கூடியது போல நடந்துகொண்டு, எஸ் ஆர்பிட்டால்கள் உள்ளே சுருங்குகின்றன. வெளியே உள்ள ஆறாவது கூட்டு எஸ் எலக்ட்ரானும் அதோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. தங்கத்தின் மஞ்சள் நிறத்துக்கும் இதுதான் காரணம்: ஆற்றல் மட்டங்களின் இடைவெளி குறுகி நீல ஒளியை விழுங்க ஆரம்பிக்கிறது. பக்கத்திலுள்ள பாதரசம் திரவமாக இருப்பதும் இதே குடும்பக் கதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தங்கம் எலக்ட்ரானை விடாமல் இருப்பதோடு நிற்பதில்லை, கிடைத்தால் வாங்கியும் கொள்ளும். சீசியத்தோடு சேர்த்தால் சீசியம் ஆரைடு என்ற சேர்மம் உண்டாகிறது. அதில் தங்கம் எதிர்மின் அயனி! உப்பில் குளோரின் இருக்கும் இடத்தில் தங்கம்.

(நகை கறுக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: 916 நகையில் 91.6 விழுக்காடுதான் தங்கம். கறுப்பது மீதியிலுள்ள தாமிரமும் வெள்ளியும்.)

லாந்தனைடு குறுக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டோம். அதனால் யாருக்கு என்ன?

தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் அதற்காக ஓர் ஆலையே உழைக்க வேண்டியிருக்கிறது. அணு உலைகளில் யுரேனிய எரிபொருளை அடைத்துவைக்கும் குழாய்கள் சிர்கோனியக் கலவையால் ஆனவை, ஏனென்றால் சிர்கோனியம் நியூட்ரான்களை அதிகம் விழுங்காது. அதை எடுப்பது சிர்க்கான் மணலிலிருந்து. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் அந்த மணல் உண்டு. சிக்கல் என்னவென்றால், சிர்கோனியம் இருக்கும் இடத்திலெல்லாம் ஹாஃப்னியமும் ஒட்டிக்கொண்டு வரும், பொதுவாக நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு. அது நியூட்ரானை ஐந்நூறு மடங்குக்கும் மேலாக விழுங்கும்.

சிர்கோனியத்தின் அணு எண் 40, ஹாஃப்னியத்தின் எண் 72. நடுவில் 32 புரோட்டான் வித்தியாசம். ஆரமோ 160, 159. ஒரே தொகுதி, ஒரே அளவு, ஒரே நடத்தை. சாதாரண வேதிவினைகளால் இரண்டையும் பிரிப்பது பெரும்பாடு. கரைப்பான்களைக் கொண்டு படிப்படியாகப் பிரித்தெடுக்கிறார்கள். 1789-லேயே சிர்கோனியம் தெரிந்திருந்தும் ஹாஃப்னியம் 1923 வரை அதன் நிழலில் ஒளிந்திருந்தது. கோப்பன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெஷியும் எக்ஸ் கதிர் நிறமாலையில்தான் அதைப் பிடித்தார்கள்.

கேலியம் அலுமினியத்துக்குக் கீழே இருந்தும் அதைவிடப் பெரிதாக இல்லையே?

அதே கதையின் சின்ன வடிவம். நடுவில் பத்து டி எலக்ட்ரான்கள், அவையும் சுமாராகத்தான் மறைக்கும். எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றல் அலுமினியத்துக்கு 578, கேலியத்துக்கு 579.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது வினைத்திறன் வரிசைப்படி சரியா? ஈயம் நஞ்சாயிற்றே?

முதலில் பெயர்க் குழப்பம். அடுக்களையில் ஈயம் என்பது வெள்ளீயம். பாடப்புத்தகம் காரீயத்தைத்தான் ஈயம் என்கிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். அது 232 டிகிரியிலேயே உருகும் என்பதால் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தவர்கள் அனுபவத்தில் கற்றிருப்பார்கள்.

பித்தளை, தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்தது. தாமிரம் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றாது என்று படித்திருப்பீர்கள். அது சரி. ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூட இருந்தால் புளியிலும் மோரிலும் மெல்லக் கரையும். அந்தச் சுவைதான் களிம்பு. வெள்ளீயம் வரிசையில் தாமிரத்துக்கு மேலேதான் இருக்கிறது (−0.14 வோல்ட், தாமிரம் +0.34). இருந்தும் மெல்லிய அமிலங்களில் மிக மெதுவாகவே கரைவதால் நல்ல கவசம். இங்கேயும் வேகம்தான் தீர்ப்புச் சொல்கிறது.

காரீயம் −0.13 வோல்ட். வெள்ளீயத்துக்கு ஒட்டினாற்போல் அடுத்த இடம். ஒன்றில் சமைக்கலாம், மற்றது கொடிய நஞ்சு. வினைத்திறன் வரிசை நஞ்சைப் பற்றி எதுவுமே சொல்லாது. பூச வருபவர் வெள்ளீயத்தில் காரீயம் கலக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

இரண்டாம் தொகுதி பற்றி ஒரு வரி?

விதிக்குக் கட்டுப்பட்ட நல்ல பிள்ளைகள். மெக்னீசியம் குளிர்ந்த நீரில் ஏறக்குறையச் சும்மா இருக்கும், கால்சியம் மூழ்கிக் குமிழிவிடும், பேரியம் இன்னும் வேகம். ஆனால் இரண்டு எலக்ட்ரான் விட வேண்டியிருப்பதால் பக்கத்துக் கார உலோகத்தைவிட எப்போதும் ஒரு படி நிதானம்.

பிரான்சியம்தான் எல்லாவற்றிலும் அதிகம் வினைபுரியும் உலோகமா?

பல வினாடி வினாக்களில் அப்படித்தான் விடை வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1939-ல் மார்கரீத் பெரே கண்டுபிடித்த இந்தத் தனிமத்தின் பாதி 22 நிமிடத்தில் சிதைந்துவிடும், கண்ணால் பார்க்கும் அளவு சேர்த்ததே இல்லை. தவிர, அதன் எலக்ட்ரானைப் பிடுங்க சுமார் 393 கிலோஜூல் வேண்டும், சீசியத்துக்கு 376 போதும். தங்கத்தை இறுக்கிய அதே சார்பியல் இங்கும் தலையைக் காட்டுகிறது. விடைத்தாளில் சீசியம் என்று எழுதலாம்.

இலங்கைப் புத்தகத்தில் சொற்களே வேறாக இருக்கின்றனவே?

தமிழ்நாட்டில் தனிம வரிசை அட்டவணை, தொடர், தொகுதி. இலங்கையில் ஆவர்த்தன அட்டவணை, ஆவர்த்தனம், கூட்டம். வினைத்திறனை அங்கே தாக்குதிறன் என்பார்கள், ஆக்சிஜனை ஒட்சிசன். விஷயம் ஒன்றுதான். ‘தாக்குதிறன்’ என்ற சொல் எனக்குப் பிடிக்கும், சீசியத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

சோடியத்தை மண்ணெண்ணெயில் போட்டுவைப்பது போல லித்தியத்தையும் வைக்கலாமா?

போடலாம், ஆனால் மூழ்காது. லித்தியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.53 கிராம், மண்ணெண்ணெய் சுமார் 0.8. தக்கை போல மேலே மிதந்து மூன்றில் ஒரு பங்கு உடம்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் வாசலின் பூசியோ, ஆர்கான் நிரப்பிய கலத்திலோ வைக்கிறார்கள். நைட்ரஜன் நிரப்பினால் ஆகாது, கார உலோகங்களில் லித்தியம் ஒன்றுதான் சாதாரண வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடும் சேர்ந்துவிடும்.